ட்ரைலோபைட் பெட்டி: கல் அருமை, அட்டை மோசம்

வேலூர் லாங் பஜார் பக்கம் ஆய்வகச் சாமான் கடையொன்றில் விலங்கியல் மாணவர்களுக்காக விற்கிற, ஐந்து மாதிரிகள் அடங்கிய ட்ரைலோபைட் பெட்டி இது. ட்ரைலோபைட் என்பது பண்டைக் கடல்களில் வாழ்ந்து அழிந்துபோன, ஓடுள்ள கணுக்காலி. விலை 2,800 ரூபாய். மூன்று அசல் புதைபடிவங்கள், இரண்டு ரெசின் வார்ப்புகள். எது அசல், எது வார்ப்பு என்று பில்லிலேயே எழுதித் தருகிறார்கள். இந்த வியாபாரத்தில் அது பெரிய விஷயம்.

பெட்டிக்கே உயிர் எல்ராதியா கிங்கி என்ற ட்ரைலோபைட்தான். அமெரிக்காவின் யூட்டா மாநிலத்து வீலர் ஷேல் பாறையில் கிடைப்பது. வயது ஏறத்தாழ 50 கோடி ஆண்டு. 10 மடங்கு லென்ஸில் பார்த்தால் மார்பின் 13 கண்டங்களையும் (குறுக்கு வளையத் துண்டுகளையும்) தெளிவாக எண்ணலாம். சில பெட்டிகளில் இதன் தலைக்கவசத்தின் இரு ஓரங்களும் இருக்காது. உடைந்த கல் என்று திருப்பிக் கொடுத்துவிடாதீர்கள். இந்த உயிரி ஓடு கழற்றும்போது முகத் தையல்கோட்டில் பிளந்து, இரு கன்னத் துண்டுகளும் தனியே கழன்றுவிடும். எஞ்சிய சட்டைதான் கல்லாகியிருக்கிறது. தையல்கோடு எங்கே ஓடுகிறது என்று வகுப்பில் காட்ட முழு மாதிரியைவிட இதுதான் உதவும். அடிப்பக்கத்தில் கால்களைத் தேட வேண்டாம். அங்கே கால்சைட் என்ற சுண்ணாம்புக் கனிமம் படிந்த அடுக்குதான் இருக்கும்.

இரண்டாவது, ஒரு சென்டிமீட்டர்கூட வராத அக்னோஸ்டிட். மார்பில் இரண்டே கண்டம், கண் கிடையாது, தலையும் வாலும் ஏறக்குறைய ஒரே அளவு. நடு அச்சின் பின்முனையில் இருபுறமும் குட்டி முக்கோண மடல்கள் தெரிகிற பக்கம்தான் தலை. இது ட்ரைலோபைட்தானா என்ற வாதம் ஆய்வாளர்களிடம் இன்னும் ஓயவில்லை. அதை மாணவர்களுக்குச் சொல்லியே காட்டலாம்.

மூன்றாவது, மொராக்கோவின் சுருண்ட ஃப்ளெக்சிகாலிமேன் என்ற ட்ரைலோபைட். இதில்தான் கவனம் வேண்டும். மொராக்கோச் சரக்கில் பசை வைத்து ஒட்டியதும், ரெசினால் இட்டு நிரப்பியதும் ஏராளம். ஊசிமுனையளவு காற்றுக்குமிழி தெரிகிறதா, இதற்கும் 13 கண்டங்கள் சரியாக வருகின்றனவா என்று பணம் கொடுக்குமுன் பாருங்கள். சுற்றியுள்ள தாய்ப்பாறையோடு வாங்கினால் விரிசலையும் கவனியுங்கள். பாறையில் ஓடும் விரிசல் உடலையும் கடந்து போக வேண்டும். உடலின் விளிம்போடு நின்றுவிட்டால் மேலே ஒட்டிய துண்டாக இருக்கலாம்.

வார்ப்புகளில் ஃபேகோப்ஸ் என்ற ட்ரைலோபைட் பிரமாதம். இதன் கண்ணில் லென்ஸ்கள் ஒன்றையொன்று தொடாமல் தனித்தனியே நிற்கும். வார்ப்பில் அந்த வரிசைகூட மழுங்காமல் வந்திருக்கிறது. இன்னொன்றான யூரிப்டெரஸ் (அழிந்துபோன 'கடல்தேள்') வார்ப்பின் வால்முள்தான் பலவீனம். மெல்லிய ரெசின், வேலூர் வெயிலில் ஜன்னலோரம் வைத்தால் வளைந்துவிடும். பீரோவுக்குள் படுக்கவைத்து வையுங்கள்.

விளக்க அட்டைகளைப் பயன்படுத்தவே கூடாது. 'மூன்று மடல்கள்: தலை, மார்பு, வால்' என்று அச்சடித்திருக்கிறார்கள். தவறு. அவை முன்பின்னாக உள்ள உடற்பகுதிகள். மடல்கள் நீளவாக்கில் உள்ளவை: நடுவே அச்சு மடல், இருபுறமும் பக்க மடல்கள். தேர்வில் பிள்ளைகள் மதிப்பெண் இழப்பதும் இதே குழப்பத்தால்தான். யூரிப்டெரஸை நண்டினத்தோடு சேர்த்திருப்பது அதைவிடப் பெரிய பிழை. நண்டினத்துக்கு இரண்டு ஜோடி உணர்கொம்புகள் உண்டு. யூரிப்டெரஸுக்கு ஒன்றுகூட இல்லை. முன்னே கெலிசெரா என்னும் கொடுக்குறுப்பு, ஆறாவது இணை துடுப்பு, பின்னுடலில் 12 கண்டங்கள், கடைசியில் வால்முள். சிலந்தியும் தேளும் சேர்ந்த கெலிசெரேட்டா பிரிவில்தான் இதை வைக்க வேண்டும்.

ஜவ்வாது மலையில் கிடைத்த ட்ரைலோபைட் என்று யாராவது தனியாக விற்க வந்தால் வாங்காதீர்கள். நம் வட்டாரத்துச் சார்னோக்கைட், நைஸ் பாறைகள் 250 கோடி ஆண்டு அளவில் பழையவை, பூமிக்கடியில் கடும் வெப்பத்தில் உருவானவை. ட்ரைலோபைட்கள் தோன்றியதோ சுமார் 52 கோடி ஆண்டுகளுக்கு முன். இந்தியாவில் அவற்றுக்கு ஸ்பிட்டி, காஷ்மீர் போன்ற இமயமலைப் பகுதிகளுக்குத்தான் போக வேண்டும்.

தூசி துடைக்க உலர்ந்த மென்தூரிகை போதும். ஓடு கால்சைட் ஆனதால் எலுமிச்சையும் வினிகரும் பட்டால் பொங்கி அரித்துவிடும்; வார்ப்புகளில் அசிட்டோன் படக் கூடாது.