முதல் ஆளை வேலைக்கு வச்சேன், பிஎஃப் இஎஸ்ஐ-ன்னு சொல்லி 38,100 ரூபா போச்சு (பெங்களூர்ல சின்னதா தொழில் பண்றவங்க பாருங்க)

நேத்து கக்கதாசபுரத்துல சோபா கிளீனிங் பண்ற நண்பர் ஒருத்தர் டீக்கடையில நின்னுட்டு போன்ல ஒரு சம்பள ஸ்லிப் காட்டினாரு, பாருங்க நானும் ஆள் போட்டுட்டேன், எல்லாம் முறைப்படி பண்றேன்னு. எனக்கு வயித்தை பிசைஞ்சிடுச்சு. எனக்கு வந்த ஸ்லிப்புல இருந்த அதே நீல கலர் கட்டம், அதே எழுத்து, 16,000 சம்பளத்துக்கு அதே புரொபஷனல் டாக்ஸ் (சம்பளத்துல பிடிக்கற மாநில வரி) 200 ரூபா. இத்தனை நாள் வெக்கத்துல நண்பர்கள்கிட்ட கூட சொல்லல, இனிமே மூடி வச்சு என்ன ஆகப்போகுதுன்னு எழுதறேன்.

நான் முருகேஷ்பாளையாவுல இருக்கேன், ஜன்னல் கண்ணாடி கிளீன் பண்ற தொழில். பெல்லந்தூர், சர்ஜாபூர் ரோடு, வைட்ஃபீல்டு பக்கம் அபார்ட்மெண்ட் வீடுங்கதான் மெயின். அங்க பாதி இடத்துல போர் தண்ணி இல்லன்னா டேங்கர் தண்ணி, உப்பு கண்ணாடியில வெள்ளை வெள்ளையா திட்டு கட்டிக்கும், வீட்டுக்காரங்க ஈரத்துணி போட்டு தேய்ச்சு பார்த்துட்டு போகலன்னதும் நம்மள கூப்பிடுவாங்க. மூணு வருஷம் தனியாளா பண்ணேன். கொசுவலையையும் கழட்டி கழுவி மாட்டணும்னா ஒரு பெரிய வீட்டுக்கே ஒரு நாள் முழுசா போயிடும். 2024 ஜனவரியில ஆர்டர் மேல ஆர்டர், வேண்டாம்னு சொல்லி சொல்லி வாய் வலிச்சதுதான் மிச்சம், சரி ஒரு ஆள் வச்சுக்கலாம்னு முடிவு பண்ணேன்.

கிடைச்ச தம்பி ஊத்தங்கரை பக்கம், முன்னாடி பெயிண்டிங் காண்ட்ராக்டர்கிட்ட இருந்தவன். நல்ல கை. ஒவ்வொரு இழுப்புக்கும் வைப்பர் ரப்பரை துணியில துடைச்சுட்டுதான் அடுத்த இழுப்பு இழுக்கணும்னு ஒரே தடவைதான் சொன்னேன், அப்புறம் சொல்ல வேண்டி வரல. (உப்புக்கறை போகணும்னு பாத்ரூம் ஆசிட் ஊத்தற ஆளுங்க இருக்காங்க, அலுமினிய பிரேம்ல பட்டா பிரேம் வெளுத்து நாசமாயிடும், அந்த பழக்கமும் அவனுக்கு இல்ல.) மாசம் 18,000 பேசினேன். ஐயோ முதல் தடவையா ஒருத்தனுக்கு சம்பளம் குடுக்கப்போறோம், சரியா குடுக்கணும், நாளைக்கு ஏதாவது ஆச்சுன்னா அவன் வீட்ல நம்மள கேக்கக்கூடாதுன்னு எனக்கு ஒரே யோசனை.

இந்த யோசனையை ஒரு கஸ்டமர் வீட்டு செக்யூரிட்டிகிட்ட புலம்பினேன், அவர் மூலமா வந்தவர்தான் இந்த கன்சல்டண்ட். பேரு போடல, கேஸ் போயிட்டிருக்கு. நம்ம பாஷை, வேலூர் பக்கம்னு சொன்னாரு, தோள்ல லேப்டாப் பேக், விசிட்டிங் கார்டு எல்லாம் பக்கா. ஒரு ஆள் வச்சாலும் பிஎஃப் (ஓய்வுக்கால சேமிப்பு), இஎஸ்ஐ (ஆஸ்பத்திரி செலவுக்கான இன்சூரன்ஸ்) ரெண்டும் கட்டாயம் சார், இல்லன்னா லேபர் ஆபீஸ்ல இருந்து நோட்டீஸ் வரும், அபராதம் அம்பதாயிரம் வரைக்கும் போகும், நம்மாளுங்க நம்மாளுங்கள பார்த்துக்கலன்னா எப்படி சார்னு சொன்னாரு. ரிஜிஸ்ட்ரேஷனுக்கு கவர்மெண்ட் ஃபீஸ்னு 8,000 கேட்டாரு, அன்னைக்கே ஜிபே பண்ணேன்.

அப்புறம் மாசா மாசம் கணக்கு இப்படி. தம்பி சம்பளத்துல பிஎஃப் 1,800, இஎஸ்ஐ 135, புரொபஷனல் டாக்ஸ் 200, ஆக 2,135 பிடிச்சு மீதி 15,865 அவனுக்கு. என் பங்கு பிஎஃப் 1,800, இஎஸ்ஐ 585. அவருக்கு சர்வீஸ் சார்ஜ் 1,500. எல்லாம் சேர்த்து 6,020 ஒவ்வொரு மாசமும் 25ஆம் தேதி வாக்குல அவரோட நம்பருக்கே அனுப்பிடுவேன். பதிலுக்கு வாட்சப்புல செலான் (பணம் கட்டினதுக்கான ரசீது), சம்பள ஸ்லிப் எல்லாம் வரும். ஸ்லிப்புல மேல என் கடை பேரு கொட்டை எழுத்துல இருக்கும். உண்மையை சொல்றேன், அந்த பேரை பார்த்து எனக்கு ஒரு பெருமை, பிரிண்ட் எடுத்து என் சம்சாரத்துகிட்ட எல்லாம் காட்டினேன். தம்பிதான் ரெண்டாவது மாசம் கேட்டான், "அண்ணா எனக்கு பிஎஃப் மெசேஜ் எதுவும் வரலியே, பெயிண்டிங்ல இருக்கற ஒரு அண்ணனுக்கு வருமாம்"னு. நான் கன்சல்டண்ட்கிட்ட கேட்டேன், கேஒய்சி பெண்டிங் சார், சர்வர் டவுன் சார்னாரு. நானும் அதையே தம்பிகிட்ட சொல்லிட்டேன். அவன் கேட்டது சரியான கேள்வி, நான்தான் வாயை அடைச்சேன்.

ஜூலை மாசம் ஹரளூர் ரோடு பக்கம் ஒரு வீட்ல யூட்டிலிட்டியில கொசுவலை கழுவிட்டிருந்தவன் சோப்பு தண்ணியில கால் வழுக்கி கையை ஊணி விழுந்தான். உசரத்துல இருந்து எல்லாம் இல்ல, தரையிலதான். வலது மணிக்கட்டு அப்பவே வீங்கிடுச்சு. நான் பதறல, நமக்குத்தான் இஎஸ்ஐ இருக்கேன்னு நேரா இந்திராநகர் இஎஸ்ஐ ஆஸ்பத்திரிக்கு ஆட்டோ பிடிச்சேன். கவுண்டர்ல இருந்தவர் ஸ்லிப்புல இருந்த 10 இலக்க நம்பரை அடிச்சாரு, தம்பி மூஞ்சிய பார்த்தாரு, மறுபடி அடிச்சாரு. "இது பேரே யார்தோ நம்பர்" அப்படின்னு கன்னடத்துல சொன்னாரு. வேற யாரோடதோ நம்பராம், யாரோ ஒரு லேடி பேரு வருதாம். நான் செலானை காட்டறேன், வாட்சப்பை காட்டறேன், அவர் பாவம் பொறுமையா பார்த்துட்டு இதுல எம்ப்ளாயர் கோடே தப்பு, 17 இலக்கம் இருக்கணும், இதுல 15தான் இருக்குன்னாரு. பின்னாடி லைன்ல நிக்கறவங்க எல்லாம் எங்களையே பார்க்கறாங்க, தம்பி இடது கையால வலது கையை தாங்கி பிடிச்சுட்டு "பரவால்ல அண்ணா, வேற எங்கயாவது போலாம்"ங்கறான். அவன் திட்டியிருந்தா கூட தாங்கியிருப்பேன்.

பிரைவேட்ல எக்ஸ்ரே, மாவுக்கட்டு, ஆறு வாரம் ரெஸ்ட். அந்த செலவும் ஆறு வார சம்பளமும் என் கையில இருந்துதான், அது நியாயம்தான், என் வேலையில விழுந்தவன். கன்சல்டண்டுக்கு போன் பண்ணா முதல் நாள் மீட்டிங்ல இருக்கேன் சார், ரெண்டாவது நாள் சுவிட்ச் ஆஃப், மூணாவது நாள் நம்மள பிளாக்.

(இதுக்கு மேல அவருன்னு எழுத கை வரல.)

ஒரு கஸ்டமர் சிஏ (ஆடிட்டர்), பெரிய மனசு பண்ணி என் பேப்பரை எல்லாம் பார்த்தாரு. பார்த்துட்டு அவர் சிரிச்ச சிரிப்பை மறக்க முடியாது. யோவ் ஒரு ஆளுக்கு எதுக்குய்யா இஎஸ்ஐன்னாரு. இஎஸ்ஐ 10 பேர் இருந்தாதான் கட்டாயம், பிஎஃப் 20 பேர் இருந்தாதான் கட்டாயம், ஆசைப்பட்டா பிஎஃப்ல நம்மளா சேரலாம், ஆனா ரெண்டு ரிஜிஸ்ட்ரேஷனும் ஆன்லைன்ல ஃப்ரீ, கவர்மெண்ட் ஃபீஸ்னு ஒரு பைசா கிடையாது. கர்நாடகாவுல புரொபஷனல் டாக்ஸ் 2023 ஏப்ரல்ல இருந்து மாசம் 25,000 சம்பளத்துல இருந்துதான், 18,000 வாங்கறவனுக்கு அந்த 200 வரவே வராது. சதவீதம் எல்லாம் அந்த கன்சல்டண்ட் சுத்தமா போட்டிருந்தான், பிஎஃப் 15,000 லிமிட்ல 12 பர்சென்ட், இஎஸ்ஐ எனக்கு 3.25 தம்பிக்கு 0.75, அதான் நான் நெட்ல தேடி பார்த்தப்பவும் ஒத்துப்போச்சு. ஆனா ஒண்ணை கோட்டை விட்டிருக்கான். நிஜமா பிஎஃப் கட்டியிருந்தா அட்மின் சார்ஜ்னு மாசம் குறைஞ்சது 500 ரூபா எம்ப்ளாயர் தலையில விழுமாம், என் கணக்குல அது எங்கயுமே இல்ல. சிஏ அதை ஒரே நிமிஷத்துல பிடிச்சாரு.

செலான்ல டிஆர்ஆர்என்னு ஒரு நம்பர் இருக்கும், அதை இபிஎஃப்ஓ (பிஎஃப் ஆபீஸ்) சைட்ல யார் வேணும்னாலும் போட்டு பார்க்கலாம், பணம் கட்டியிருக்கா இல்லியான்னு வந்துடும். கம்பெனி பேரை போட்டு தேடறதும் அதே சைட்ல இருக்கு. என் அஞ்சு செலானும் போட்டு பார்த்தேன், ஒண்ணுமே வரல. எல்லாத்தையும் விட பெரிய விஷயம், பிஎஃப் பணம் நம்ம கம்பெனி லாகின்ல இருந்து நெட்பேங்கிங்ல போகும், எவனோட சொந்த ஜிபே நம்பருக்கும் போகாது. எவனாவது என் நம்பருக்கு போடுங்க நான் கட்டிடறேன்னா எழுந்து வந்துடுங்க. உங்ககிட்ட வேலை செய்யறவங்க போனை வாங்கி உமாங்ங்கற கவர்மெண்ட் ஆப்ல பாஸ்புக்கை அவங்க கண்ணு முன்னாடி திறந்து பாருங்க, அதுக்கு அஞ்சு நிமிஷம் கூட ஆகாது. அந்த அஞ்சு நிமிஷத்தை நான் அஞ்சு மாசமா செலவு பண்ணல.

ஸ்டேஷன்ல கம்ப்ளைண்ட் குடுத்திருக்கேன், ஜிபே ஸ்டேட்மெண்ட் எல்லாம் வச்சு. பணம் வரும்னு பெருசா நம்பிக்கை இல்ல.

ஆனா ஒண்ணு, அந்த 38,100ல என் பணம் போனதுக்கு கூட அவ்ளோ ஆத்திரம் இல்ல. அதுல 10,675 தம்பி சம்பளம். அவன் கையில இருந்து பிடிச்சது அந்த கன்சல்டண்ட் இல்ல, நான். மாசா மாசம் ஸ்லிப்பை காட்டி இது உன் நல்லதுக்குதான்டான்னு சொல்லி சொல்லி பிடிச்சிருக்கேன். அவன் சம்சாரம் போன்ல "அண்ணே அந்த பிஎஃப்ல இருந்து இப்போ ஆத்திர அவசரத்துக்கு எடுக்க முடியுமா"ன்னு கேட்டப்போ என்ன பதில் சொல்றதுன்னு தெரியாம சிக்னல் இல்லன்னு கட் பண்ணிட்டேன். மறுநாள் நேர்ல போய்தான் சொன்னேன்.

இப்போ தம்பி திரும்ப வந்துட்டான். கனமான ஏணி, பக்கெட் எல்லாம் நான் தூக்கறேன். சிஏ சொன்னபடி அவன் ஒருத்தனுக்குன்னே எம்ப்ளாயீஸ் காம்பென்சேஷன் பாலிசி போட்டிருக்கேன், வேலையில அடிபட்டா அது பார்த்துக்கும், ரசீது அவன் வாட்சப்புலயும் இருக்கு. சம்பளம் முழு 18,000 பேங்க்ல போட்டுட்டு ஒரு நோட்டுல தேதி எழுதி அவன்கிட்ட கையெழுத்து வாங்கிக்கறேன். சோபா கிளீனிங் நண்பர் இன்னைக்கு காலையில செலான் நம்பரை சைட்ல போட்டு பார்த்துட்டு எனக்கு போன் பண்ணாரு, நாளைக்கு ரெண்டு பேரும் சேர்ந்து ஸ்டேஷனுக்கு போறோம், வேற யாராவது மாட்டியிருந்தா சொல்லுங்க, கூட்டிட்டு போறேன்.

தம்பிக்கு 10,675ல இதுவரைக்கும் 6,000 திருப்பி குடுத்தாச்சு. மீதி 4,675 தீபாவளிக்கு முன்னாடி.