20 மணி நேரமா, 120 மணி நேரமா: கணினி கற்கும் வழிகள் ஓர் ஒப்பீடு

எங்கள் ஊர்க் கிளை நூலகத்தில் மாலை நேரங்களில் கணினி சொல்லிக்கொடுக்கும் என்னிடம், பிள்ளையை அழைத்துக்கொண்டு வரும் பெற்றோர் முதலில் கேட்பது, "எந்தச் சான்றிதழ் வாங்கினால் வேலை கிடைக்கும், சார்?" என்பதுதான். பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பெண், பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு மறுபடி வேலைக்குப் போக நினைக்கும் தாய், ஓய்வூதியக் கணக்கைத் தாமே பார்க்க விரும்பும் பெரியவர் ஆகிய மூவருக்கும் ஒரே விடை பொருந்தாது. ஆயினும் எல்லா வழிகளையும் அளக்க என்னிடம் இருப்பது ஒரே அளவுகோல்தான்: கற்பவரின் சொந்த விரல்கள் எத்தனை மணி நேரம் விசைப்பலகையின் மேல் இருக்கும் என்பது.

மத்திய அரசு 2017-இல் ஒப்புதல் அளித்த பிரதமரின் கிராமப்புற டிஜிட்டல் எழுத்தறிவு இயக்கம், வீட்டுக்கு ஒருவர் என்ற கணக்கில் 6 கோடி கிராமப்புறக் குடும்பங்களை எட்ட எண்ணி, 14 முதல் 60 வயது வரையுள்ளவர்களுக்கு 20 மணி நேரப் பயிற்சியைக் கட்டணமின்றி அளித்து, 2024 மார்ச்சில் நிறைவுற்றது. மின்னஞ்சல் என்றால் என்ன, கைப்பேசியில் பணம் அனுப்புவது எப்படி என்று அறியாதவருக்கு அந்த 20 மணி நேரம் பெரிய திறப்பு. ஆனால் அதை வேலைக்கான தகுதியாக நினைத்துக்கொண்டவர்கள் ஏமாந்தார்கள். கொள்குறி வினாக்களுக்கு விடை தேர்ந்தெடுத்துத் தேறிய ஒருவரால், ஒரு பக்கக் கடிதத்தைப் பிழையின்றித் தட்டச்சு செய்ய முடியும் என்பதற்கு உறுதி கிடையாது. வீட்டுக்கு ஒருவர் என்ற வரம்பும் என்னை உறுத்துகிறது. அந்த ஒருவர் யார் என்பதை வீட்டில் ஏற்கெனவே குரல் உள்ளவர்தாம் முடிவு செய்தார்கள். 60 வயதைத் தாண்டியவருக்கோ அந்த வாய்ப்பே இருக்கவில்லை.

சமூகத்தில் எல்லோரையும் சேர்த்துக்கொள்வதுதான் நோக்கம் என்றால், அண்டை மாநிலமான கேரளம் கண்ட வழி இதைவிடச் செம்மையானது. 2002-இல் மலப்புறம் மாவட்டத்தில் தொடங்கிய அக்ஷயா என்ற கணினி எழுத்தறிவுத் திட்டமும் வீட்டுக்கு ஒருவர் என்றுதான் புறப்பட்டது. பின்னர் திருவனந்தபுரம் மாவட்டத்துப் புல்லம்பாறை ஊராட்சியில், தெரியாதவர் யார் யார் என்று முதலில் கணக்கெடுத்து, தன்னார்வலர்களை அவர்கள் இருக்கும் இடத்துக்கே அனுப்பினார்கள்; 2022-இல் அந்த ஊராட்சி முழு டிஜிட்டல் எழுத்தறிவு பெற்றதாக அறிவிக்கப்பட்டது. அதே முறையை மாநிலமெங்கும் கொண்டுசென்றதன் பயனாக, 2025 ஆகஸ்ட்டில் கேரளம் முழுவதற்கும் அந்த அறிவிப்பு வந்தது. கற்பவர் மையத்தைத் தேடிப் போவதற்கும், கற்பிப்பவர் வாசலுக்கு வருவதற்கும் உள்ள வேறுபாட்டை, நூறு நாள் வேலையை விட்டுவிட்டு வகுப்புக்கு வர முடியாத ஒரு பெண்ணிடம் கேட்டால் அவரே சொல்வார்.

வேலை என்று வரும்போது, தமிழ்நாட்டில் பலர் பழையது என்று ஒதுக்கும் தட்டச்சுப் பயிலகத்தைத்தான் நான் முன்னால் வைப்பேன். தொழில்நுட்பக் கல்வித் துறை நடத்தும் கணினி அலுவலகத் தானியக்கச் சான்றிதழ்ப் படிப்பு, எல்லோர் வாயிலும் சிஓஏ, 120 மணி நேரம் கொண்டது. எழுத்துத் தேர்வோடு செய்முறைத் தேர்வும் உண்டு. அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் குரூப் 4 தேர்வு வழியாகத் தட்டச்சராகத் தேர்வாகும் ஒருவரிடம் இந்தச் சான்றிதழ் இல்லையென்றால், தகுதிகாண் பருவம் முடிவதற்குள் அவர் அதைப் பெற்றாக வேண்டும். இதனோடு இளநிலைத் தட்டச்சில் நிமிடத்துக்கு 30 சொல், முதுநிலையில் 45 சொல் என்று தேறி வரும் கை, எந்த அலுவலகத்திலும் முதல் நாளே பயன்படும் கை.

இந்த வழியிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. தட்டச்சுப் பொறியில் பழகியவர் "கெ" என்று அடிக்க முதலில் கொம்பைத் தட்டி, பிறகு "க" தட்டுவார். கண்ணில் தெரியும் வரிசைதான் அவர் விரலின் வரிசை. 1999-இல் தமிழ்நாடு அரசு ஏற்றுக்கொண்ட தமிழ்99 என்ற கணினி விசைப்பலகை முறையிலோ மெய்க்குப் பிறகு உயிர் வரும். இரட்டித்த எழுத்துக்குப் புள்ளி தானாகவே விழும். "அம்மா" என்று அடிக்க அ, ம, ம, ஆ என நான்கே தட்டுகள் போதும் என்பதை முதன்முறை கண்ட ஒரு மாணவி, நான் சொல்லாமலேயே "அப்பா", "அக்கா", "பாட்டி" என்று வரிசையாக அடித்துப் பார்த்ததை மறக்க முடியாது. தேர்வுக்குப் பழைய முறையையும், அன்றாட எழுத்துக்குத் தமிழ்99-ஐயும் கற்பது இரட்டை வேலைதான். ஆனாலும் இரண்டையும் பயிலகத்திலேயே சேர்த்துச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

தனியார் கணினி மையங்களின் பட்டயப் படிப்புகளில் தேறுவது ஒன்றே ஒன்று என்பேன், அது கடைக் கணக்கு எழுதும் மென்பொருளான டேலி. 2017 ஜூலையில் சரக்கு மற்றும் சேவை வரி நடைமுறைக்கு வந்தபின், சிறிய இரும்புக் கடைக்கும் கணக்கைக் கணினியில் ஏற்றத் தெரிந்த ஆள் தேவைப்படுகிறது. ஆனால் பணம் கட்டும் முன் மாலை 6 மணிக்கு அந்த மையத்துக்குப் போய், எத்தனை பேருக்கு எத்தனை கணினி என்று எண்ணிப் பாருங்கள். என் உறவுக்காரப் பெண் சேர்ந்த ஒரு மையத்தில் மூன்று பேருக்கு ஒரு கணினி. நடுவில் உட்கார்ந்த பையனே எல்லாவற்றையும் அடிக்க, ஆறு மாதம் பார்த்துக்கொண்டே இருந்த இவளுக்குச் சான்றிதழ் கிடைத்தது. ஒரு பற்றுச்சீட்டைப் பதியக்கூடத் தெரியவில்லை. 2011-இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தை நான் உயர்வாக நினைப்பதற்கும் இதுவே காரணம்: வீட்டில் சொந்தமாக ஒரு பொறி இருந்தால், அருகில் முந்திக்கொள்ள யாரும் இல்லை.

கைப்பேசியில் காணொளி பார்த்துக் கற்பது செலவில்லாதது. ஐயம் தீர்க்கவும் போதும். விசைப்பலகைக்கு அது ஈடாகாது.

இந்த வழிகள் எல்லாவற்றிலும் விடுபட்டுப் போகிறவர்கள் பார்வையற்றோர். 2006-இல் ஆஸ்திரேலியாவில் பார்வையற்ற இளைஞர் ஒருவர் எழுதத் தொடங்கிய என்விடிஏ என்ற திரைவாசிப்பான், அதாவது திரையில் உள்ளதைக் குரலில் படித்துக் காட்டும் மென்பொருள், இன்று இலவசமாகக் கிடைக்கிறது, தமிழையும் வாசிக்கிறது. பார்வையற்றவர் சுட்டியைத் தொடாமல் முழுவதையும் விசைகளாலேயே இயக்குகிறார். ஆனால் மையங்களில் பாடம் "இங்கே கிளிக் பண்ணுங்க" என்றே தொடங்குகிறது. அப்படி ஒரு மையத்தில் திருப்பி அனுப்பப்பட்ட தம்பி ஒருவர் எங்கள் நூலகத்துக்கு வந்தார். காதொலிப்பானை மாட்டிக்கொண்டு, ஒவ்வொரு விசைக்கும் எழும் ஒலியைக் கேட்டுக் கேட்டு, இரண்டு மாதத்தில் தம் வேலை விண்ணப்பத்தைத் தாமே நிரப்பி அனுப்பினார். அவருக்குத் தேவைப்பட்டவை ஒரு கணினியும், சுட்டியை எடுத்து ஓரமாக வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்காரும் ஓர் ஆளுமே.