விடிய விடிய வகுப்பா, கட்டட முற்றுகையா?

வியட்நாம் போரை எதிர்த்த அமெரிக்க மாணவர்கள் இந்த இரண்டு போராட்ட வழியையும் பார்த்தவர்கள். இன்றும் வளாகங்களில் இதே கேள்விதான்.

நடத்துவது: 1965 மார்ச்சில் மிச்சிகன் பல்கலை ஆசிரியர்கள் முதலில் நினைத்தது வேலைநிறுத்தம். கடும் எதிர்ப்பு வரவே, இரவு முழுக்கப் போரைப் பற்றிப் பாடமும் விவாதமும் என்று மாற்றினார்கள். சுமார் 3,000 பேர் வந்தார்கள். குண்டு மிரட்டல் வந்தபோதும் கலையவில்லை. நியூயார்க்கின் கொலம்பியா பல்கலையில் 1968 ஏப்ரலில் மாணவர்கள் ஐந்து கட்டடங்களைப் பிடித்து ஒரு வாரம் காத்தார்கள்.

விலை: வகுப்புக்கு ஓர் இரவுத் தூக்கம். முற்றுகைக்கு சுமார் 700 பேர் கைது, பலருக்கு அடி.

பலன்: வகுப்பு சில வாரங்களில் பல வளாகங்களுக்குப் பரவியது. முற்றுகை, ராணுவ ஆராய்ச்சி அமைப்புடனான உறவைப் பல்கலை முறிக்கும்படி செய்தது.

நிர்வாகத்திடம் குறிப்பான கோரிக்கை இருந்தால், கைதுக்கும் துணிந்தால் முற்றுகை. பலரை யோசிக்க வைக்க வகுப்பு. எனக்கு வகுப்புதான் பிடிக்கும். தயங்கி நிற்பவரும் உள்ளே வந்து உட்காரலாம்.