அட்டை சாக்ஸா, டீட்டா, பெர்மெத்ரினா? காய்ந்த காட்டில் உண்ணிக்கு எது நிற்கும்

மழைக்காலத்தில் கூடலூர், வயநாடு பக்கம் போனால் எல்லோரும் அட்டைக்குப் பயந்து முழங்கால் வரை சாக்ஸ், உப்பு, மூக்குப்பொடி என்று மூட்டை கட்டிக்கொண்டு போகிறோம். மழை விட்டுச் சருகு காய்ந்ததும், அட்டைதான் இல்லையே என்று அரைக்கால் சட்டையும் செருப்புமாக இறங்கிவிடுகிறோம். உண்ணிக்கு அதுதான் சீசன். மேற்குத் தொடர்ச்சி மலையில் இளம் உண்ணிகள் அதிகமாகத் திரிவது மழை ஓய்ந்த பிறகு, டிசம்பரிலிருந்து மே வரை. வயிறு புடைத்து மாட்டுக் காதில் தொங்குகிற சாம்பல் நிற உண்ணியை மனதில் வைத்துக்கொண்டு தேடினால் இது கண்ணிலேயே படாது. எள்ளைவிடச் சின்னது, எட்டுக் கால் உள்ள ஒரு புள்ளி.

மசினகுடி பக்கம் ஒரு மார்ச் மாதம் பறவை பார்க்கப் போய், உண்ணிச்செடிப் புதர் ஓரமாக (லன்டானாவை நம்மூரில் அப்படித்தான் சொல்கிறோம், முதுமலை முழுக்க அது மண்டிக் கிடக்கிறது) இரண்டு மணி நேரம் நடந்துவிட்டுத் திரும்பினேன். இடுப்பு பெல்ட் அழுத்துகிற இடத்திலும் முழங்காலுக்குப் பின்னாலும் மொத்தம் 11 உண்ணி. அன்றைக்குக் கையில் தடவியிருந்தது வேப்பெண்ணெய் மட்டும். அதற்குப் பிறகுதான் எது வேலை செய்யும், எது செய்யாது என்று உட்கார்ந்து படிக்க ஆரம்பித்தேன்.

இது அரிப்போடு முடிகிற விஷயமாக இருந்தால் இவ்வளவு எழுத மாட்டேன். ஷிவமோகா மாவட்டத்தின் கியாசனூர் காட்டில் 1957-இல் குரங்குகள் வரிசையாகச் செத்தபோது கண்டுபிடித்த வைரஸ் காய்ச்சல், ஊரில் குரங்குக் காய்ச்சல் என்பார்கள், பெரும்பாலும் இந்த இளம் உண்ணிகள் வழியாகத்தான் மனிதருக்கு வருகிறது. 2012-இல் பந்திப்பூரில் செத்த குரங்குகளைக் கையாண்ட வனப் பணியாளர்களுக்கு வந்தது, அதே சமயத்தில் நீலகிரியில் செத்த குரங்குகளிலும் வைரஸ் தெரிந்தது, 2015-இல் வயநாட்டில் பெரிதாகப் பரவியது. இந்த வைரஸைக் கொல்லத் தனி மருந்து இல்லை. பல வருடம் போட்டுவந்த பழைய தடுப்பூசியையும் 2022-இல் நிறுத்திவிட்டார்கள். ஆக, கடிபடாமல் இருப்பது ஒன்றுதான் கையில் உள்ள வழி.

சரி, பூசுகிற சமாச்சாரத்துக்கு வருவோம். உலகம் முழுக்க அதிகம் சோதித்துப் பார்த்தது டீட் என்கிற பூச்சி விரட்டி. 20 முதல் 30 சதவீதம் உள்ளதாக வாங்கினால் சில மணி நேரம் உண்ணி அண்டாது. குறை என்னவென்றால் பிளாஸ்டிக்கை அரிக்கும், பூசிய கையோடு பைனாகுலரையோ மூக்குக்கண்ணாடியையோ தொட்டால் பளபளப்பு போய்விடும். பிக்காரிடின் என்கிற இன்னொரு விரட்டி, 20 சதவீதம் உள்ளது, கிட்டத்தட்ட அதே பலன் தருகிறது, பிளாஸ்டிக்கைக் கெடுப்பதில்லை, வாடையும் குறைவு. இரண்டும் கிடைத்தால் நான் பிக்காரிடினைத்தான் எடுப்பேன், ஆனால் நம்மூர்க் கடைகளில் அதைத் தேடி அலைய வேண்டும். பலரும் டீட் என்று நினைத்து வாங்குகிற ஓடோமாஸில் இருப்பது டைஎத்தில் பென்சமைடு என்ற வேறு பொருள், 12 சதவீதம், கொசுவுக்கென்று விற்பது. அதைப் பூசிக்கொண்டு உண்ணிக் காட்டுக்குள் தைரியமாகப் போகாதீர்கள்.

கர்நாடகத்தில் இன்னொன்று உண்டு, டெப்பா எண்ணெய். நம் பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனமான டிஆர்டிஓ உருவாக்கியது, ஷிவமோகா பக்கத்துக் கிராமங்களில் காட்டுக்குப் போகிறவர்களுக்குச் சுகாதாரத் துறை இலவசமாகத் தருகிறது. கை காலில் பூசிக்கொண்டு போய், திரும்பி வந்ததும் வெந்நீரும் சோப்பும் போட்டுக் கழுவச் சொல்கிறார்கள். வருடத்துக்கு இரண்டு வாரக்கடைசி போகிற நம்மைவிட, விறகுக்கும் சருகுக்கும் தினம் காட்டுக்குள் போகிற மக்களுக்குத்தான் ஆபத்து பல மடங்கு. விலை கொடுத்து வாங்க வேண்டிய ஸ்பிரே அவர்களுக்கு உதவாது, வீட்டு வாசலுக்கு வருகிற இந்த எண்ணெய் உதவும். அந்த வகையில் டெப்பாவுக்கு என் மரியாதை எப்போதும் உண்டு.

ஊட்டித் தைலம் பூசினால் போதுமே என்று கேட்கிறவர்களுக்காக ஒரு விளக்கம். வெளிநாட்டு அறிவுரைகளில் வருகிற யூகலிப்டஸ் எண்ணெய் எலுமிச்சை வாசம் அடிக்கும் வேறு வகை மரத்திலிருந்து எடுத்துப் பதப்படுத்தியது, அதன் சரக்கே வேறு. நாம் சளிக்குத் தேய்க்கிற நீலகிரித் தைலம் அது அல்ல. வேப்பெண்ணெயும் சரி, தைலமும் சரி, எத்தனை மணி நேரம் தாங்கும் என்று நம்பிச் சொல்ல முடியாது. என் 11 உண்ணி அதற்குச் சாட்சி.

ஆனால் என்னைக் கேட்டால், பூசுவதைவிட உடுத்துவதுதான் முதலில் வர வேண்டும். உண்ணி பறக்காது, குதிக்காது, மரத்திலிருந்து விழுவதும் இல்லை. புல் நுனியில் முன்னங்கால்களை விரித்து நீட்டிக்கொண்டு நிற்கும், நம் மூச்சையும் சூட்டையும் வைத்து ஆள் வருவதைத் தெரிந்துகொள்ளும், உரசிப் போனால் தொற்றிக்கொண்டு மேலே ஏறும். அதாவது பெரும்பாலும் காலிலிருந்துதான் பயணம் தொடங்குகிறது. வழியை அங்கேயே அடைத்துவிட்டால் பாதிக்கு மேல் வேலை முடிந்தது. நெருக்க நெய்த அட்டை சாக்ஸ் இதற்கு அருமையாக உதவுகிறது, மழை முடிந்ததும் அதைப் பரணில் போடாதீர்கள். பேன்ட்டைச் சாக்ஸுக்குள் செருகி, சட்டையை பேன்ட்டுக்குள் செருகி, வெளிர் நிறமாக உடுத்தினால் ஊர்ந்து வருகிற புள்ளி கண்ணுக்கும் தெரியும். தெரிந்த உடனே செல்லோடேப்பால் ஒற்றி எடுத்துவிடலாம்.

அட்டை சாக்ஸ் மட்டும் என்றால் உண்ணி அதன் மேலேயே ஏறி இடுப்புக்கு வந்துவிடும். அதை முடிக்கிறது பெர்மெத்ரின் என்கிற பூச்சிக்கொல்லி. 0.5 சதவீத ஸ்பிரேயைத் துணியிலும் ஷூவிலும் அடித்து, முழுக்கக் காயவிட்டு உடுத்தினால், மேலே ஏறுகிற உண்ணி கொஞ்ச நேரத்தில் கால் தளர்ந்து விழுந்துவிடும். ஐந்தாறு சலவை வரை பலன் நிற்கும். டீட் விரட்டுகிறது, இது கொல்கிறது. ஆனால் தோலில் இதை அடிக்கவே கூடாது. பூனை இருக்கிற வீட்டில் ஈரம் காயும்வரை அதை நெருங்க விடாதீர்கள், பூனைக்கு இது விஷம். மீனுக்கும் விஷம்தான், அதனால் அந்தத் துணியை ஆற்றில் அலச வேண்டாம். மருந்துக்கடையில் கிடைக்கிற 5 சதவீத பெர்மெத்ரின் கிரீம் சொறி சிரங்குக்கு, அதைத் துணியில் தேய்ப்பதில் அர்த்தமில்லை. உரக்கடைப் பூச்சிமருந்தை வாங்கி நீங்களாகத் தண்ணீரில் கலந்து அடிப்பது அதைவிட மோசம், தயவுசெய்து வேண்டாம்.

ஒன்றுக்குத்தான் காசு இருக்கிறது என்றால் அட்டை சாக்ஸ். இரண்டுக்கு என்றால் அதோடு பெர்மெத்ரின். கழுத்து, கை, இடுப்புக்கு டீட் மூன்றாவது.

திரும்பி வந்ததும் உடனே குளியல், அக்குள், தொப்புள், காதுக்குப் பின்னால், முடிக்குள், தொடை இடுக்கு எல்லாம் விரலால் தடவிப் பார்ப்பது, துணியைக் கட்டிலில் போடாமல் நேராகக் கொதிநீரில் முக்குவது. பச்சைத் தண்ணீரில் நனைத்தால் உண்ணி சாகாது.

அப்புறமும் கடித்துவிட்டால்? ஹோம்ஸ்டே சமையல்கார அண்ணா அன்று தீக்குச்சியைப் பற்றவைத்துக்கொண்டு அன்போடு ஓடிவந்தார். கொள்ளி, மண்ணெண்ணெய், வாசலின், நகப்பூச்சு எல்லாமே ஒரே தப்பைச் செய்கின்றன: துடிக்கிற உண்ணி வயிற்றில் இருப்பதைக் காயத்துக்குள் கக்க வாய்ப்பு இருக்கிறது. அட்டைக்குச் செய்கிற உப்பு வைத்தியமும் இங்கே எடுபடாது. முனை கூரான ட்வீசரால் தோலை ஒட்டிப் பிடித்து, திருகாமல், நேராக மேலே நிதானமாக இழுக்க வேண்டும், விரலில் நசுக்கக் கூடாது. அமெரிக்க வீடியோக்களில் ஒரு நாளைக்குள் எடுத்தால் பயமில்லை என்கிறார்கள். அது அங்கே உள்ள லைம் நோய் பாக்டீரியாவுக்கான கணக்கு, நம் காட்டு வைரஸுக்கு அதை நம்பி உட்காராதீர்கள், பார்த்த நிமிடமே எடுத்துவிடுங்கள்.

குரங்குக் காய்ச்சல் பெரும்பாலும் 3 முதல் 8 நாளில் தலைகாட்டும். உண்ணியால் வருகிற டைஃபஸ் என்கிற பாக்டீரியாக் காய்ச்சலும் உண்டு, அதற்கு டாக்ஸிசைக்ளின் என்கிற ஆன்டிபயாடிக் கேட்கும், வைரஸுக்குக் கேட்காது. அதனால் இரண்டு வாரத்துக்குள் காய்ச்சல் வந்தால் எந்தக் காட்டுக்கு, என்றைக்குப் போனீர்கள் என்பதை டாக்டரிடம் அவர் கேட்பதற்கு முன்பே சொல்லுங்கள். நான் எடுத்த உண்ணியைச் செல்லோடேப்பில் ஒட்டித் தேதி எழுதி வைக்கிறேன். பறவைக் குறிப்பேட்டில் அந்த மார்ச் பக்கத்தில், ஒரு கரிச்சான் குறிப்புக்குக் கீழே, அது இன்னும் இருக்கிறது: இடது முழங்கால் பின்புறம், மாலை 6.40.