உள்ளங்கையில் அடங்கும் பாடம்: ஓடில் ஃபியோவின் முப்பரிமாணக் கிளிட்டோரிஸ் மாதிரி

பெண்களின் பாலுணர்வைப் பற்றிய கல்வித் தளம் ஒன்றைத் தனியாளாக நடத்திவருகிறேன். எந்த நிறுவனத்தின் பெயரும் அதன் பின்னால் இல்லை. தளத்திற்கு வரும் கடிதங்களில் பாதிக்கு மேற்பட்டவை ஒரே கேள்வியைத்தான் வெவ்வேறு சொற்களில் கேட்கின்றன: உடலுறவின்போது எனக்கு உச்சம் வருவதில்லை, என் உடலில் ஏதேனும் குறையா? இக்கேள்விக்குப் பதிலாக எத்தனையோ பத்திகள் எழுதியிருக்கிறேன். கோட்டுப்படங்கள் வரைந்து சேர்த்திருக்கிறேன். இருந்தும், படித்து முடித்தவர்கள் அதே கேள்வியோடு மீண்டும் எழுதுவார்கள். கையில் எடுத்துத் திருப்பிக் காட்டக்கூடிய ஒரு பொருள் தேவை என்ற முடிவுக்கு வந்த பிறகுதான், இங்கே மதிப்பிடப்போகும் மாதிரியைத் தேடிப் போனேன்.

பிரான்சைச் சேர்ந்த, நிறுவனம் எதையும் சாராத ஆய்வாளரான ஓடில் ஃபியோ, 2016ஆம் ஆண்டில், பெண்ணின் பாலின்ப உறுப்பான கிளிட்டோரிஸின் முழு வடிவத்தையும் உண்மையான அளவிலேயே ஒரு முப்பரிமாணக் கோப்பாக உருவாக்கி வெளியிட்டார். பாரிசில் உள்ள அறிவியல், தொழில்துறை அருங்காட்சியகத்தின் பொதுப் பட்டறையில் அது அச்சிடப்பட்டது. கோப்பை எவரும் விலையின்றிப் பதிவிறக்கித் தமக்குக் கிடைக்கும் முப்பரிமாண அச்சுப்பொறியில் அச்சிட்டுக்கொள்ளலாம். ஆகவே இது கடையில் வாங்கும் பொருளன்று. அச்சிடப் பயன்படும் நெகிழி இழை, அச்சுப்பொறி, பொறுமை ஆகிய மூன்றும்தான் செலவு. என்னைப் போன்ற தனித் தளக்காரர்களுக்கு இதில் இன்னொரு வசதியும் உண்டு. மருத்துவப் பதிப்பகங்களின் படங்களைப் பயன்படுத்த வேண்டுமானால் அனுமதி கேட்டுக் கடிதம் எழுத வேண்டும், கட்டணம் கட்ட வேண்டும், பல நேரங்களில் பதிலே வராது. இந்த மாதிரியை அச்சிட்டு வாங்கி, நானே படமெடுத்து, உருவாக்கியவரின் பெயரைக் கீழே குறிப்பிட்டு வெளியிட முடிந்தது.

அச்சிடுவது அத்தனை எளிதாக அமையவில்லை. என்னிடம் சொந்தமாக அச்சுப்பொறி இல்லாததால் அச்சிட்டுத் தரும் ஒருவரிடம் கோப்பை அனுப்பினேன். கோப்பின் பெயரைப் பார்த்த மாத்திரத்திலேயே ஆபாசப் பொருள்களை அச்சிடுவதில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார். இரண்டாவதாகப் போனவர் பெயரைக் கவனிக்கவில்லை. இது என்ன, காதணியா என்று மட்டும் கேட்டார். வடிவம் வளைந்தும் கவைகளாகப் பிரிந்தும் இருப்பதால், அச்சிடும்போது அடியில் தாங்கிகள் கட்டாயம் வேண்டும். அவற்றை உடைத்தெடுத்த இடங்களில் பிசிறு நிற்கும். உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால்தான் பார்க்கும்படியாக இருக்கும். முதல் பிரதியில் ஒரு கால் தாங்கியோடு சேர்ந்தே ஒடிந்துவிட்டது. அடர்த்தியைக் கூட்டி அச்சிட்ட இரண்டாவது பிரதிதான் இப்போது என் மேசையில் இருக்கிறது.

இனி, இந்த மாதிரி எதை நன்றாகச் செய்கிறது என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். பெரும்பாலானோர் கிளிட்டோரிஸ் என்று அறிந்திருப்பது பிறப்புறுப்பின் உதடுகள் சேரும் மேல்முனையில் தெரியும் சிறு மொட்டை மட்டுமே. மாதிரியைக் கையில் எடுத்ததும் முதலில் உறைப்பது அந்த மொட்டு எவ்வளவு சிறியது, மீதி எவ்வளவு பெரியது என்பதுதான். மொட்டுக்குப் பின்னால் ஒரு தண்டு மேலேறி, முழங்காலைப் போல மடங்கி, இரண்டு கால்களாகப் பிரிந்து இடுப்பெலும்பின் வளைவை ஒட்டிச் செல்கிறது. இவ்விரு கால்கள் ஒவ்வொன்றும் 5 முதல் 9 செ.மீ. வரை நீளக்கூடியவை. அவற்றுக்கு உட்புறமாக, யோனித் திறப்பின் இருபக்கமும் அணைத்தாற்போல இரண்டு குமிழ்கள் தொங்குகின்றன. இவை அனைத்தும் சேர்ந்ததுதான் அந்த உறுப்பு. கவட்டைக் குச்சியைக் கவிழ்த்து வைத்ததுபோல் இருக்கிறது என்றார் இதைப் பார்த்த தோழி ஒருவர். அந்த ஒப்புமையை அப்படியே தளத்தில் எடுத்துப் போட்டுக்கொண்டேன். என் பத்திகளைவிட அது நன்றாக வேலை செய்கிறது.

இவ்வடிவம் புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்டதென்று எண்ணிவிடக் கூடாது. ஜெர்மானிய உடற்கூறியலாளர் கியோர்க் கோபெல்ட் 1844இலேயே குமிழ்களையும் கால்களையும் துல்லியமாக வரைந்து வெளியிட்டிருந்தார். அதற்குப் பிறகும் பாடநூல்கள் பல அவ்வுறுப்பைச் சிறு புள்ளியாகக் குறுக்கின, சில அடியோடு விட்டுவிட்டன. ஆஸ்திரேலியச் சிறுநீரியல் அறுவை மருத்துவர் ஹெலன் ஓ'கானல் 1998இல் உடலறுப்பின் வழியாகவும், பின்னர் காந்த அதிர்வுப் (எம்.ஆர்.ஐ.) படங்களின் துணையோடு 2005இலும் வெளியிட்ட கட்டுரைகள்தாம் முழு வடிவத்தை மீண்டும் மருத்துவ உலகின் முன் வைத்தன. பிரான்சின் பள்ளிப் பாடநூல்களில் கூட 2017இல்தான் ஒரே ஒரு பதிப்பகத்தின் நூல் அதைச் சரியாகக் காட்டியது. ஃபியோவின் மாதிரி வெளிவந்த மறுவருடம் அது.

முதலில் குறிப்பிட்ட கடிதங்களுக்கு இப்போது நான் இந்த மாதிரியின் படங்களோடு பதில் எழுதுகிறேன். யோனித் திறப்பு குமிழ்களுக்கு நடுவே எங்கே வரும் என்பதை விரலால் காட்டும் ஒரு படம். மொட்டு அதிலிருந்து எவ்வளவு தள்ளி நிற்கிறது என்பதைக் காட்டும் மற்றொரு படம். உட்புகுதல் மட்டுமே ஏன் பலருக்குப் போதுவதில்லை என்பதை இந்த இரண்டு படங்களும் வாதம் ஏதுமின்றி விளக்கிவிடுகின்றன. அமெரிக்கப் பெண்கள் 1,055 பேரிடம் நடத்தப்பட்டு 2017இல் இணையத்தில் வெளியான ஓர் ஆய்வில், உட்புகுதல் மட்டுமே உச்சத்திற்குப் போதுமானது என்று சொன்னவர்கள் 18.4 விழுக்காட்டினர், கிளிட்டோரிஸின் தூண்டல் இல்லாமல் முடியாது என்றவர்கள் 36.6 விழுக்காட்டினர். எண்களைத் தனியாகச் சொன்னபோது நம்பாமல் வாதாடியவர்கள், படத்தோடு சேர்த்துச் சொன்னபோது "அப்படியானால் எனக்கு ஒன்றுமில்லை" என்று எழுதினார்கள்.

எதிர்பாராத இன்னொரு பயனையும் குறிப்பிட வேண்டும். பிறப்புறுப்புச் சிதைப்புக்கு உள்ளான பெண்களிடம், எல்லாமே வெட்டியெடுக்கப்பட்டுவிட்டது என்ற எண்ணம் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. வெட்டப்படுவது பெரும்பாலும் வெளியே தெரியும் பகுதிதான் என்பதும், உறுப்பின் பெரும்பங்கு உள்ளேயே எஞ்சியிருக்கிறது என்பதும் இந்த மாதிரியில் கண்கூடு. பிரெஞ்சு அறுவை மருத்துவர் பியேர் ஃபோல்டேஸ் உருவாக்கிய சீரமைப்புச் சிகிச்சை அந்த எஞ்சிய பகுதியை நம்பியே நிற்கிறது. அவரிடம் சிகிச்சை பெற்ற 2,938 பெண்களைப் பற்றிய கட்டுரை 2012இல் வெளிவந்தது. அச்சிகிச்சை எல்லோருக்கும் ஒரே பலனைத் தருவதில்லை, அதைத் தளத்தில் அழுத்தியே எழுதியிருக்கிறேன். ஆனால் அது ஏன் சாத்தியம் என்பதை விளக்க இதைவிடத் தெளிவான பொருளை நான் கண்டதில்லை.

குறைகளும் உண்டு, அவற்றுள் ஒன்று பெரிது. நெகிழி விறைப்பானது, மாறாதது. கிளிட்டோரிஸோ இரத்தம் பாய்ந்து புடைக்கும் திசு. கிளர்ச்சியின்போது குமிழ்கள் உப்பி யோனிச் சுவரை நெருக்குகின்றன. இந்தச் செயல்பாடு மாதிரியில் சிறிதும் தெரியாது. அடுத்தபடியாக, மொட்டை மூடியிருக்கும் தோல்மடிப்பு இதில் இல்லை. சிறுநீர்த்துளை, யோனி, எலும்பு ஆகிய அண்டைப் பகுதிகளும் இல்லை. ஆகவே முதன்முறையாகப் பார்ப்பவருக்கு எது மேல், எது கீழ் என்பது விளங்காது. மேசையில் கிடக்கும் கிடப்பு உடலில் அமைந்திருக்கும் நிலையல்ல என்பதை ஒவ்வொரு படத்தின் கீழும் எழுதவேண்டியிருக்கிறது. ஒரே அளவில் ஒரே வடிவம் என்பதால், தன்னுடையது இப்படி இல்லையே என்ற புதிய கவலையையும் இது சிலரிடம் கிளப்பியது. உடலுக்கு உடல் அளவு வேறுபடும் என்பதைக் காட்ட, சற்றுச் சிறிதாகவும் பெரிதாகவும் இரண்டு பிரதிகளை அச்சிட்டு மூன்றையும் ஒருசேரப் படமெடுத்துப் போட்டேன். கோப்பு கையில் இருப்பதால்தான் அது முடிந்தது. இதை உடலில் பயன்படுத்தலாமா என்று கேட்டவர்களும் உண்டு. கூடவே கூடாது. அச்சடுக்குகளின் இடுக்குகளில் கிருமிகள் தங்கும். இது பாடக்கருவி மட்டுமே.

இணையத்தில் வெளியிடுவதைப் பொறுத்தவரை இந்த மாதிரி எனக்கு ஓர் இடரைக் குறைத்துக் கொடுத்தது. தோலின் நிறத்தில் நான் முன்பு வரைந்திருந்த கோட்டுப்படங்களை ஒரு விளம்பர நிறுவனத்தின் தானியங்கிச் சல்லடை ஆபாசம் என்று முடிவுகட்டித் தளத்தின் விளம்பரங்களை நிறுத்திவிட்டது. மேல்முறையீட்டுக்கு வந்த பதிலும் இயந்திரம் எழுதியதாகவே தெரிந்தது. ஊதா நிறத்தில் அச்சிட்ட இந்த மாதிரியின் படங்கள் இதுவரை எந்தச் சல்லடையிலும் சிக்கவில்லை. நிறத்தைத் தேர்ந்தெடுக்கும்போது அதை நான் யோசிக்கவில்லை. அச்சிட்டவரிடம் மீதமிருந்த இழை அந்த நிறம், அவ்வளவுதான். விளம்பரங்கள் பிறகு திரும்பவே இல்லை. தளம் இப்போது வாசகர்களின் நன்கொடையில் நடக்கிறது.

மாதிரியோடு விளக்க அட்டை எதுவும் கிடைப்பதில்லை என்பதால் நானே ஒன்றை எழுதினேன். அதில் கிளிட்டோரிஸில் 8,000 நரம்பிழைகள் உண்டு என்ற, எங்கும் காணப்படும் எண்ணைச் சேர்த்திருந்தேன். அது மாடுகளை ஆய்ந்து பெறப்பட்ட எண் என்று பின்னால் தெரியவந்தது. மனிதத் திசுவில் எண்ணிப் பார்த்து 2022இல் அறிவிக்கப்பட்ட சராசரி 10,281. அதுவும் ஏழு பேரின் திசுவிலிருந்து பெறப்பட்டது. அட்டையைத் திருத்தி மறுபடி அச்சிட்டேன், தளத்தில் ஏற்கெனவே எழுதியிருந்த ஆறு பக்கங்களிலும் மாற்றினேன்.

விலை கொடுத்து வாங்கும் இடுப்பு மாதிரிகளில் எலும்பும் தசையும் கருப்பையும் நன்றாகவே இருக்கும். நான் கையாண்ட இரண்டிலும் கிளிட்டோரிஸ் ஒரு கடுகளவுப் புடைப்பாக முடிந்துபோயிருந்தது. அவற்றில் ஒன்றின் எலும்பு வளைவில் ஃபியோவின் மாதிரியைக் கம்பியால் கட்டிப் பார்த்தேன். அளவு கிட்டத்தட்டப் பொருந்தியது. எது மேல், எது கீழ் என்ற குழப்பமும் அந்தப் படம் வந்த பிறகு வெகுவாகக் குறைந்தது. மொட்டின் மேலுள்ள தோல்மடிப்பைத்தான் இன்னும் களிமண்ணில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன், சரியாக அமையவில்லை.