மூன்று முறை மாற்றிய ரிலேயும் மாறாத கோளாறும்

மன்னார்குடிக்கும் திருத்துறைப்பூண்டிக்கும் இடைப்பட்ட எங்கள் ஊரில், 2013-இல் வாங்கிய பெட்ரோல் கார் ஒன்றை இன்றுவரை நானே ஓட்டி வருகிறேன். முதல் ஏழு ஆண்டுகளைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. எட்டாம் ஆண்டு மார்கழியில்தான் தொல்லை தொடங்கியது.

விடியற்காலையில் செல்ப் அடித்தால் இன்ஜின் சுற்றும், பற்றிக்கொள்ளாது. வெயில் ஏறிய பிறகு அதே வண்டி ஒரே திருகலில் கிளம்பிவிடும். சித்திரை பிறந்ததும் நடத்தை மாறியது. காலையில் ஒழுங்காகக் கிளம்பி, நண்பகலில் ஓடிக்கொண்டிருக்கும்போதே அணைந்துவிடும். பத்து நிமிடம் ஓரங்கட்டி வைத்தால் மீண்டும் ஓடும். கோளாறைப் படித்துச் சொல்லும் ஸ்கேனரில் பி0562, பி0689 என்று இரண்டு குறியீடுகள் வந்தன. முன்னது வண்டியின் மின்னழுத்தம் குறைகிறது என்பதையும், பின்னது மெயின் ரிலேயிலிருந்து (சிறு மின்னோட்டத்தால் பெரிய மின்னோட்டத்தைத் திறந்து மூடும் சுவிட்ச்) இசிஎம்முக்கு (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி) வந்து சேரும் மின்னழுத்தம் குறைகிறது என்பதையும் சொல்பவை. ரிலே கெட்டுவிட்டது என்று இரண்டுமே சொல்லவில்லை. ஆனால் ‘ரிலே’ என்ற சொல்லைக் கண்டதும் மெக்கானிக்குகள் அதை மாற்றினார்கள்; நானும் தலையாட்டினேன். மூன்று ரிலேக்கள் போன பிறகு, ஒரு பணிமனையில் இசிஎம்மையே மாற்ற வேண்டும் என்றார்கள். அதற்குச் சொன்ன தொகையைக் கேட்டுத்தான் எனக்குப் பொறுமை வந்தது.

ரிலேயைச் சோதிப்பது கடினமான வேலையன்று. 85, 86 என்ற கால்களுக்கிடையே காயில், அதாவது ரிலேயை இழுக்கும் கம்பிச்சுருள். 30-இல் பேட்டரி மின்சாரம் நுழைந்து 87 வழியே வெளியேறும். காயிலின் தடை ஏறக்குறைய 70 முதல் 100 ஓம் வரை இருந்தால் பெரும்பாலும் நல்ல ரிலேதான். அதே வகை ஹாரன் ரிலேயை இடம் மாற்றிப் போட்டுப் பார்ப்பது இன்னும் எளிது. சாவியைத் திருப்பியதும் ‘டிக்’ என்ற ஒலியும், பின்னிருக்கைக்கு அடியிலிருந்து பெட்ரோல் பம்ப் இரண்டு விநாடி முனகும் ஒலியும் கேட்டால், ரிலே இழுக்கிறது என்று கொள்ளலாம். என் வண்டியில் இரண்டுமே கேட்டன. அப்போதே நான் ரிலேயை விட்டு வயரிங்கின் பக்கம் திரும்பியிருக்க வேண்டும்.

கும்பகோணத்தில் ஒரு முதிய ஆட்டோ எலக்ட்ரீஷியன் என் மல்டிமீட்டரை வாங்கி ஓரமாக வைத்துவிட்டு, இரண்டு வயர் பற்றவைத்த 21 வாட் இன்டிகேட்டர் பல்பு ஒன்றை எடுத்தார். “மீட்டர் சும்மா எட்டிப் பார்க்கும் தம்பி, பல்புதான் வேலை வாங்கும்” என்றார். மீட்டரின் உள்தடை பத்து மெகா ஓம் அளவில் இருப்பதால் அது இழுக்கும் மின்னோட்டம் இல்லை என்றே சொல்லலாம்; ஆகவே ஒரேயொரு செம்பு இழை மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கும் வயரிலும் 12.4 வோல்ட் என்று நிம்மதியாகக் காட்டும். பல்போ ஏறக்குறைய ஒன்றே முக்கால் ஆம்பியர் கேட்கும். 87-இன் வெளியீட்டில் மாட்டியபோது அது முதலில் பளிச்சென்று எரிந்து, சற்று நேரத்தில் அகல் திரிபோலச் சிவந்து மங்கியது. ரிலே உட்காரும் சாக்கெட்டைக் கீழிருந்து பிரித்துப் பார்த்தோம். 87-ஆம் கால் செருகும் பெண் முனை வாய் விரிந்து, பழுப்பேறி, சுற்றியிருந்த பிளாஸ்டிக் லேசாக உருகியிருந்தது. ஒவ்வொரு முறை ரிலேயைப் பிடுங்கிச் செருகியதும் அந்த வாயை மேலும் விரித்திருக்கும் என்பது என் எண்ணம்.

அந்த முனையைச் சரிசெய்ததும் நண்பகல் கோளாறு முடிந்தது. காலைக் கோளாறு அப்படியே இருந்தது. ஒன்றென்று நான் நினைத்தவை இரண்டு என்பது அப்போதுதான் புரிந்தது. மீட்டரின் ஒரு முனையை பேட்டரியின் நெகட்டிவிலும் மறுமுனையை இசிஎம்மின் எர்த் காலிலும் வைத்துச் செல்ப் அடித்தபோது 1.8 வோல்ட் காட்டியது; 0.2-ஐத் தாண்டவே கூடாது. பேட்டரித் தட்டுக்கு அடியில் மழைக்காலச் சேறு படிந்திருந்த எர்த் போல்ட்டைக் கழற்றினால், வளையத்தின் உட்புறம் முழுவதும் பச்சைக் களிம்பு. குளிர்ந்த இன்ஜினைச் சுற்றப் பேட்டரி திணறும் வேளையில் இந்த இழப்பும் சேர்ந்துகொள்ள, இசிஎம் விழிக்கவே மின்சாரம் போதவில்லை. உப்புத்தாளால் தேய்த்து, புதிய வளையம் போட்டதும் அளவு 0.06-க்கு இறங்கியது.

எலியையும் சொல்லியாக வேண்டும். தை அறுவடை முடிந்தால் வயல் எலி கொட்டகைக்கு வரும் என்பது கிட்டி வைக்கும் எவருக்கும் தெரியும். வந்த எலிக்கு இன்ஜின் மேலுள்ள சூடு பிடித்துப்போகிறது. கடித்த வயரை முறுக்கி டேப் சுற்றுவது ஒரு மழைக்குத் தாங்காது. கிரிம்ப் செய்து (உலோக இணைப்பில் வைத்து நெரித்து), சூட்டில் சுருங்கி ஒட்டிக்கொள்ளும் பசையுள்ள ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் போடுவதே எனக்கு நிலைத்தது. சோதனைக்காக வயரின் தோலில் ஊசி குத்துவதையும் நான் விட்டுவிட்டேன். நம் ஊர் ஈரம் அந்தத் துளை வழியே உள்ளே இறங்கிவிடும். வயர்களை இணைக்கும் கப்ளரின் பின்புறமாகவே மீட்டர் முனையைச் செருகலாம்.

இரண்டு ஐப்பசி மழைகளைத் தாண்டியும் வண்டி ஒருநாளும் நிற்கவில்லை. புரட்டாசியில் எர்த் போல்ட்டைத் திறந்து துடைத்து வாசலின் தடவுகிறேன். முதன்முதலில் கழற்றி எறியவிருந்த அசல் ரிலேதான் இப்போது மீண்டும் மெயின் ரிலேயாக இருக்கிறது. காசு கொடுத்து வாங்கிய மூன்றில் ஒன்று ஹாரனுக்குப் போயிற்று.