தின்னர் ரின்: சரக்கு நல்லது, லேபல்தான் போதாது

கிளிநொச்சி, வவுனியாப் பக்கத்து ஹாட்வெயார்களில் நாலு லீற்றர் ரின்னில் விற்கும் என்.சி. தின்னர் (நைட்ரோசெலுலோஸ் லக்கர் என்ற மரப்பூச்சை இளக்கும் திரவம்) தளபாட வேலைக்கு நன்றாகவே பிடிக்கிறது. லக்கரோடு சமனுக்குச் சமன் கலந்து அடித்தால், வெயில் நாளில் கால்மணி நேரத்துக்குள் கையில் ஒட்டாது. கார்த்திகை, மார்கழியில் அடித்தால் மட்டும் பால்போல வெளுக்கும். தின்னர் விரைந்து ஆவியாகும்போது பலகை குளிர்ந்து, காற்றின் ஈரம் அதில் படிகிறது. ஈரம் குறைந்த நேரம் பார்த்து மெல்லிய பூச்சாக அடிக்க வேண்டும்.

குறை லேபலில் இருக்கிறது. ஒரு ரின்னில் 'பிளேமபிள்', அடுத்ததில் 'இன்பிளேமபிள்'. 'கரெக்ட்', 'இன்கரெக்ட்' என்று பள்ளியில் படித்தவர் இரண்டாவதைத் தீப்பற்றாதது என்று எடுத்தால் அவரில் பிழையில்லை. உண்மையில் இரண்டுக்கும் ஒரே பொருள்: எளிதில் தீப்பற்றும். இந்த 'இன்' மறுப்பல்ல. தீமூட்டுவதைக் குறிக்கும் லத்தீன் வினையோடு வந்த முன்னொட்டு. இந்தக் குழப்பத்துக்குப் பயந்துதான் அமெரிக்கத் தேசியத் தீப்பாதுகாப்புச் சங்கம் 1920களிலேயே 'பிளேமபிள்' என்று எழுதச் சொன்னது. தீப்பற்றாததற்குச் சொல் 'நொன்பிளேமபிள்'.

'கம்பஸ்ரிபிள்' வேறு. எரியக்கூடியது, ஆனால் இலேசில் பற்றாது. விளக்கில் விடும் தேங்காயெண்ணெய் திரியில்லாமல் பற்றாதல்லவா, அதுபோல. ஒரு திரவத்தின் ஆவி நெருப்புப் பொறிக்குப் பற்றத் தொடங்கும் மிகக் குறைந்த வெப்பநிலையை வைத்தே இதைப் பிரிக்கிறார்கள். பெற்றோலுக்கு அது ஏறத்தாழ –40 பாகை செல்சியஸ், தின்னரில் சேரும் தொலுயீனுக்கு 4, மண்ணெண்ணெய்க்கு 38 அளவில், டீசலுக்கு 52க்கு மேல். தொண்ணூறுகளின் பொருளாதாரத் தடைக்குள் வன்னியில் மோட்டார் சைக்கிள்கள் மண்ணெண்ணெயில் ஓடியதை நினைத்தால் இது விளங்கும்: சில துளி பெற்றோல் விட்டுத்தான் ஸ்ராட் பண்ணினார்கள், என்ஜின் சூடான பிறகே மண்ணெண்ணெய் வேலை செய்தது.

உலகப் பொது லேபல் முறையில் இந்தப் பற்றும் வெப்பநிலை 60 பாகை வரை என்றால் 'பிளேமபிள்', சிவப்புச் சாய்சதுரத்துள் தீச்சுடர்ப் படத்துடன். 60க்கு மேல் 93 வரை 'கம்பஸ்ரிபிள்', படம் கிடையாது. ஆகவே சொல்லை விட்டுவிட்டுப் படத்தைத் தேடுங்கள்.

வன்னியின் விடியற்குளிரில்கூடத் தின்னர் அந்த 4 பாகையைத் தாண்டித்தான் இருக்கும். ஆவி காற்றைவிடப் பாரம். நிலத்தோடு ஊர்ந்து போய், பட்டறைக்குப் பின்னால் தேத்தண்ணி வைக்கும் அடுப்பில் பற்றி, வந்த வழியே ரின்னுக்குத் திரும்பும். மூடியைத் திறந்தபடி விடக்கூடாது. சோடாப் போத்தலில் ஊற்றி விற்கும் கடையில் வாங்கவே வேண்டாம், இருக்கிற அந்த ஒரு எச்சரிக்கையும் அதில் போய்விடும். பற்றிவிட்டால் தண்ணீர் ஊற்றாதீர்கள். தின்னர் மிதந்து தீயைப் பரப்பும். உலர் தூள் அணைப்பான் அல்லது ஒரு வாளி மணல் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

சரக்குக்கு ஐந்தில் நாலு. லேபலுக்கு ஒன்று; 'எளிதில் தீப்பற்றும்' என்று தமிழிலும் சிங்களத்திலும் பெரிதாக அச்சடிக்கும்வரை அதைக் கூட்ட முடியாது.